எலுமிச்சம்பழம் நசுங்கும் முன்...

2011-ம் ஆண்டு. கோவாவில் ஒருவர் புது கார் ஒன்றுக்குப் பணம் கட்டினார். அந்த வருட மாடல்தான் அவருக்கு வேண்டும். ஆனால், டீலர் அவர் கையில் கொடுத்த வண்டி 2009-ல் தயாரானது. மீட்டரைப் பார்த்தால் 622 கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடியிருக்கிறது. போதாக்குறைக்கு ஆங்காங்கே துரு, கீறல். 'இது புது வண்டியே இல்லை, மாற்றிக் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று கேட்டார். கிடைக்கவில்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்.

மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று படிகளிலும் அவர் பக்கமே தீர்ப்பு வந்தது. காரைத் தயாரித்த டாடா மோட்டார்ஸ் நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 'டீலர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரிந்தே நடந்தது என்று நிரூபிக்கப்படாத வரை, அந்தத் தவறுக்குத் தயாரிப்பு நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது' என்பது அதன் சாரம். கம்பெனி விடுவிக்கப்பட்டது.

கார் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால், நாம் எல்லோரும் நம்புவது ஷோரூம் வாசலில் இருக்கும் பெரிய போர்டைத்தான். 'இவ்வளவு பெரிய கம்பெனி, ஏமாற்றவா போகிறார்கள்' என்று நினைக்கிறோம். ஆனால், நாம் பணம் கட்டுவது அந்தக் கம்பெனியிடம் அல்ல. கம்பெனியிடமிருந்து வண்டியை விலைக்கு வாங்கி, நமக்கு விற்கும் இன்னொரு வியாபாரியிடம். போர்டு கம்பெனியுடையது. கல்லாப்பெட்டி டீலருடையது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

எல்லா டீலரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக நல்ல பெயரோடு தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், தொழிலின் கணக்கு எப்படி என்று தெரிந்தால், தவறு எங்கே நடக்கும் என்று நமக்கே புரிந்துவிடும்.

ஒரு காரை விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம், நாம் நினைப்பதைவிடக் குறைவு. யார்டில் நிற்கும் வண்டிகளைப் பெரும்பாலும் கடனில்தான் வாங்கி நிறுத்தியிருப்பார். விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். மாதக் கடைசியில் டார்கெட் என்று ஒன்று கழுத்தைப் பிடிக்கும். ஆக, காரில் வராத காசை வேறு எதிலாவது எடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், வங்கிக் கடன், ஆக்சஸரீஸ், கூடுதல் வாரண்டி, 'ஹேண்ட்லிங் சார்ஜ்' இவைதான் அந்த 'வேறு எதிலாவது'. யார்டில் மாதக்கணக்கில் நின்றுபோன வண்டியை யார் தலையிலாவது கட்டுவதும் இதில் சேர்த்தி.

நமக்கு எதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசும் அந்தத் தம்பிக்கும் பெரிய சம்பளம் இருக்காது. அவருடைய வருமானமே இந்தக் கூடுதல் சமாசாரங்களில்தான் இருக்கிறது. அதனால் அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மரியாதையாகப் பேசுங்கள். ஆனால், அவர் வாயால் சொல்வது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளில் எழுதித் தருவது மட்டும்தான் கணக்கு.

மாப்பிள்ளை வாங்கிய கார்

எங்கள் இரும்பையிலிருந்து பாண்டி கூப்பிடு தூரம். ஆஸ்பத்திரி என்றாலும், ஜவுளி என்றாலும், வண்டி என்றாலும் அந்தப் பக்கம்தான். என் தங்கை வீட்டுக்காரர் போன வருடம் கார் வாங்க முடிவெடுத்தார். ஆசைக்காக இல்லை. அவருடைய அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஜிப்மர் போய்வர வேண்டும். மழை நாளில் ஆட்டோ பிடித்து, திரும்பும்போது தலைசுற்றலோடு அவரைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்குவது நடக்கிற காரியமாக இல்லை. சீட்டுப் பணம் கொஞ்சம், தங்கையின் நகையை வைத்து எடுத்தது கொஞ்சம், மீதிக்கு வங்கிக் கடன்.

ஷோரூமுக்கு என்னையும் அழைத்துப் போனார். ஷோரூமின் பெயர் இங்கே வேண்டாம். அவசரம் என்று தெரிந்ததும் அவர்களுடைய பேச்சே மாறியது. "இந்தக் கலர் ரெடியா இருக்கு சார். இன்னைக்கு அமௌன்ட் கட்டினா வெள்ளிக்கிழமை டெலிவரி. இல்லைன்னா ரெண்டு மாசம் ஆகும்" என்றார்கள்.

கொட்டேஷன் தாளை வாங்கிப் பார்த்தோம். ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500 ரூபாய். 'எசென்ஷியல் கிட்' என்ற பெயரில் மிதியடி, மட்ஃபிளாப், சீட் கவர் எல்லாம் சேர்த்து 14,800. இன்ஷூரன்ஸ், வெளியே ஒரு கம்பெனியில் கேட்டதைவிட சுமார் 12,000 அதிகம். மூன்றையும் கூட்டினால் மாமியாரின் பல மாத மருந்துச் செலவு.

வண்டியைக் காட்டச் சொன்னோம். தயங்கித்தான் யார்டுக்கு அழைத்துப் போனார்கள். டயரில் இருந்த எண்ணைப் பார்த்தபோதே மாப்பிள்ளைக்குச் சந்தேகம். "இது எந்த மாசம் தயாரிச்ச வண்டின்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டார். "எல்லா வண்டியும் அப்படித்தான் சார் வரும், ஒண்ணும் வித்தியாசம் இல்லை" என்றார்களே தவிர, மாதத்தைச் சொல்லவில்லை. மூன்றாவது முறை கேட்டபோதுதான் உண்மை வந்தது. தயாராகிப் பதினான்கு மாதம் ஆன வண்டி!

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று மாகாளேஸ்வரர் கோயில் குருக்களிடம் சொல்லி வைத்தாயிற்று. சொந்தக்காரர்களுக்கும் சொல்லியாயிற்று. 'சரி, எடுத்துக்கொண்டு போய்விடலாமா' என்ற சபலம் மாப்பிள்ளை முகத்தில் தெரிந்தது. தங்கைக்கு போன் போட்டோம். அவள் யோசிக்கவே இல்லை. "நல்ல நாள் இன்னொண்ணு வரும்ணா. நகை இன்னொண்ணு வராது" என்றாள்.

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டோம். அன்று இரவே நடந்ததை எல்லாம் எழுதி, கொட்டேஷன் படத்தை இணைத்து, ஷோரூம் மேலாளருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் ஒரே மெயிலாக அனுப்பினார். மறுநாள் காலையில் மேலாளரே கூப்பிட்டார். ஹேண்ட்லிங் சார்ஜ் போயிற்று. இன்ஷூரன்ஸை வெளியே போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்கள். அதற்குப் பதில் தருவதாகச் சொன்ன தள்ளுபடியில் 10,000 ரூபாயைக் குறைத்துவிட்டார்கள். போகட்டும் என்று விட்டார். மூன்று வாரம் கழித்து, இரண்டு மாதத்துக்கு முன் தயாரான வண்டி வந்தது. அந்த மூன்று வாரமும் ஆட்டோவில்தான் ஜிப்மர். சிரமம்தான். ஆனால், ஏழு வருடத்துக்குத் தவணை கட்டப்போகிற வண்டிக்கு மூன்று வாரம் பெரிதில்லை.

இனி, படிப்படியாகப் பார்ப்போம்.

புக்கிங்: பணம் யார் கணக்குக்குப் போகிறது?

புக்கிங் தொகையை ஷோரூமின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். 'என் நம்பருக்கே ஜிபே பண்ணிடுங்க சார், நான் கட்டிடறேன்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேலையை விட்டுப் போன விற்பனையாளரைத் தேடி அலைந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள்.

ரசீதில் மாடல், வேரியன்ட், நிறம், தயாரிப்பு வருடம், டெலிவரி தேதி, புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற ஆறும் இருக்க வேண்டும். 'தயாரிப்பு வருடம்' என்று எந்தப் படிவத்திலும் தானாக இருக்காது. நீங்கள்தான் எழுதச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி பின்னால் உங்கள் வழக்கையே காப்பாற்றும்.

இன்னொன்று. புக்கிங் படிவங்களில் பொதுவாக, 'பில் போடும் நாளில் உள்ள விலையே பொருந்தும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். விலை ஏறினால் நாம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதே நியாயம் குறையும்போதும் வேண்டுமல்லவா? 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி-க்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் இருந்த செஸ் வரியும் போனது. இதுபோல் விலை மாறும் நேரத்தில், பழைய கொட்டேஷனையே நீட்டுகிறார்களா என்று பாருங்கள். கம்பெனியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அன்றைய விலை இருக்கும். ஒரு நிமிட வேலை.

கொட்டேஷன்: வரிவரியாகக் கேளுங்கள்

'ஆன்-ரோடு இவ்வளவு' என்று மொத்தமாக ஒரு தொகை சொல்வதுதான் பழைய தந்திரம். பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

*எக்ஸ்-ஷோரூம் விலை:* ஜி.எஸ்.டி இதற்குள்ளேயே அடக்கம்.

*ஆயுள் வரி:* இது அரசுக்குப் போவது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் வரை 12 சதவிகிதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவிகிதம். 8 லட்சம் ரூபாய் காருக்கு 1,04,000 ரூபாய். கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 10 லட்சத்தைத் தாண்டியதும் விகிதம் எப்படித் தாவுகிறது என்று பாருங்கள். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் வித்தியாசத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வரி. எந்த வேரியன்ட் என்று முடிவு செய்யும் முன் இதைக் கணக்குப் போடுங்கள். விற்பவர் சொல்ல மாட்டார்.

*இன்ஷூரன்ஸ்:* புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2018 செப்டம்பரிலிருந்து இதுதான் விதி. ஆனால், யாரிடம் எடுப்பது என்பது முழுக்க உங்கள் விருப்பம். டீலர் வழியாகக் காப்பீடு விற்பதற்கு 2017-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளே, வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன. 'எங்ககிட்ட போட்டாதான் வண்டி' என்று சொன்னால், 'அதை மெயில்ல எழுதி அனுப்புங்க' என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

*ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ், டிப்போ சார்ஜ்:* பெயர் எதுவானாலும் இது அரசுக்குப் போகும் பணம் அல்ல. யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டி கொண்டுவருவது அவர்களுடைய வியாபாரச் செலவு. நீக்கச் சொல்லுங்கள்.

*டி.சி.எஸ்:* 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 1 சதவிகிதம் வருமான வரிக் கணக்கில் பிடிப்பார்கள். இது சரியான பிடித்தம்தான். ஆனால், உங்கள் பான் எண்ணில் அது வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளுங்கள். பலர் இதை மறந்தே போகிறார்கள்.

*கடன்:* டீலர் காட்டும் வங்கியிலேயே வாங்க வேண்டும் என்று இல்லை. எங்கே வாங்கினாலும் வட்டி, கட்டணங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டும் 'முக்கிய விவர அறிக்கை' தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2024 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

தள்ளுபடி கேட்பதில் கூச்சம் வேண்டாம். 'கம்பெனி இதுக்கு மேல குடுக்க விடாது சார்' என்பார்கள். டீலர்கள் தாமாகக் கூடுதல் தள்ளுபடி தரவிடாமல் தடுத்தது என்று சொல்லி, மாருதி சுசூகி நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஆனால், டீலர் தன் லாபத்திலிருந்து விட்டுக்கொடுப்பதை யாரும் தடுக்கக் கூடாது என்பதுதான் ஆணையத்தின் நிலைப்பாடு. பக்கத்து ஊர் ஷோரூமிலும் ஒரு கொட்டேஷன் வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள். திண்டிவனமும் விழுப்புரமும் பாண்டியும் இங்கிருந்து பஸ் ஏறும் தூரம்தானே.

வண்டியைப் பதிவுக்கு முன் பாருங்கள்

இதுதான் மிக முக்கியமான வரி. ரிப்பன் கட்டி, கேக் வெட்டி, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுக்கும் நாளில் வண்டியைப் பார்த்துப் பயனில்லை. அதற்குள் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும். பதிவான பிறகு அந்த வண்டியைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு. பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன், இந்த சேஸிஸ் எண் வண்டிதான் எனக்கு என்று முடிவான பிறகு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை இவை. மீட்டரில் எத்தனை கிலோமீட்டர்? சில பத்துகள் இருந்தால் இயல்பு. நூற்றுக்கணக்கில் இருந்தால் அது டெஸ்ட் டிரைவ் வண்டியா, வேறு ஊரிலிருந்து ஓட்டி வந்ததா என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3224 என்றால் 2024-ம் ஆண்டின் 32-வது வாரம். ஐந்து டயர்களும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா? கண்ணாடிகளில் ஒரே கம்பெனியின் முத்திரை இருக்கிறதா? பானெட், கதவு போல்ட்டுகளில் ஸ்பேனர் போட்ட தழும்பு இருக்கிறதா? ஒரு பக்கத்து பெயின்ட் மட்டும் நிறம் தட்டுகிறதா?

சேஸிஸ் எண் 17 எழுத்து, எண்கள் கொண்டது. தயாரிப்புக் காலம் அதில் குறியீடாக இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அந்தக் குறியீடு மாறுவதால் குழப்பம் வரலாம். அதைவிட எளிய வழி, படிவம் 21. விற்பனைச் சான்றிதழான அதில் தயாரிப்பு மாதமும் வருடமும் எழுத வேண்டும். அந்தத் தாளைப் பார்க்காமல் பதிவுக்கு ஒப்புதல் தராதீர்கள். வெற்றுப் படிவங்களில் கையெழுத்து, கூடவே கூடாது.

'நம்பர் பிளேட் பின்னாடி வரும், வண்டியை எடுத்துட்டுப் போங்க' என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அதே மாநிலத்தில் பதிவாகும் புது வண்டிக்குப் பதிவு விண்ணப்பம் செய்வது டீலரின் கடமை. பதிவு எண்ணைப் பொருத்தாமல் அந்த வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறது சட்டம். விண்ணப்பிக்கத் தவறினால் டீலருக்குக் கடுமையான அபராதமும் உண்டு.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆசை

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு வலை இது. 'பாண்டியில ரிஜிஸ்டர் பண்ணிடலாம் சார், வரி கம்மி. அட்ரஸ் நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்பவர்கள் உண்டு. புதுச்சேரியில் வரி குறைவு என்பது உண்மை. ஆனால், நீங்கள் எங்கே வசிக்கிறீர்களோ, எங்கே தொழில் செய்கிறீர்களோ, வண்டியை எங்கே வைத்திருப்பீர்களோ அந்த எல்லையில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 'அட்ரஸ் நாங்க பாத்துக்கறோம்' என்பதற்கு ஒரே அர்த்தம்தான். பொய் முகவரி.

2017-ல் கேரளத்தில் இது பெரிய விவகாரமானது நினைவிருக்கலாம். சொகுசு கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்து கேரளத்தில் ஓட்டியதாகத் திரையுலகப் பிரபலங்கள் சிலர்மேல் புகார் எழுந்து, காவல் துறை விசாரணை வரை போனது. அவர்களுக்கு வக்கீல் வைக்கப் பணம் இருக்கிறது. வானூர் வட்டத்து விவசாயி ஒருவர் மாட்டினால்? கையெழுத்துப் போட்டது நீங்கள். முகவரிச் சான்று உங்கள் பெயரில். அன்றைக்கு அந்த டீலர் உங்களைத் தெரியும் என்றுகூடச் சொல்ல மாட்டார்.

பாண்டி ஷோரூமில் வாங்குவதில் தவறே இல்லை. தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து, திண்டிவனத்தின் டி.என் 16-ஓ விழுப்புரத்தின் டி.என் 32-ஓ, உங்கள் பகுதிக்கு உரிய அலுவலகத்தில் வரி கட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், போனில் சண்டை போடாதீர்கள். எழுதுங்கள். ஷோரூம் மேலாளருக்கு மெயில், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நகல். என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தார்கள், உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்று நான்கே பத்தி. கோவா வழக்கு இங்கேதான் உதவும். டீலரின் தவறு கம்பெனிக்குத் தெரியாது என்பதால்தானே கம்பெனி தப்பித்தது? உங்கள் மெயில் போன பிறகு, 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்காது.

அடுத்து, 1915 என்ற எண். தேசிய நுகர்வோர் உதவி மையம். தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பல பிரச்னைகள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். பழைய பொருளைப் புதியது என்று காட்டி விற்பதை, நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சட்டத்தில் இன்னொரு பெரிய வசதி உண்டு. முன்பெல்லாம் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தில் அல்லது பிரச்னை நடந்த இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும். இப்போது நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஷோரூம் புதுச்சேரியில் இருந்தாலும், இரும்பைக்காரர் விழுப்புரம் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். அலைய வேண்டியது அவர்கள்தான்.

வண்டிக்காகக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே போதும். கட்டணமும் குறைவு. 5 லட்சம் வரை ஒன்றுமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். நீங்களே வாதாடலாம். அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டில் இருந்தபடியே புகாரைத் தாக்கல் செய்யலாம். பிரச்னை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டாக்ஸி வாங்கியவரும் நுகர்வோர்தான். 'கமர்ஷியல் வண்டி, உனக்கு உரிமை இல்லை' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்று மாதத்தில், வண்டியைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நிஜத்தில் அதைவிட நீளும். கோவாக்காரருக்குப் பத்து வருடம் ஆயிற்று. அதனால்தான் இவ்வளவு நீளமாக 'வாங்கும் முன்' பகுதியை எழுதினேன். ஷோரூமில் இருந்து எழுந்து வர ஒரு நிமிடம் போதும். ஆணையத்தில் இருந்து வெளியே வரப் பல வருடம் ஆகலாம்.

போனில் சேமித்துக்கொள்ள...

கொட்டேஷன், புக்கிங் ரசீது, பணம் அனுப்பியதற்கான ஆதாரம், படிவம் 21, பில், இன்ஷூரன்ஸ் பாலிசி, மீட்டரையும் டயர் எண்ணையும் எடுத்த போட்டோ, விற்பனையாளருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல். இந்த எட்டையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள். வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகத் திருப்பி அனுப்புங்கள். 'இன்று நீங்கள் சொன்னபடி, இந்த வருடம் தயாரான வண்டி, ஹேண்ட்லிங் சார்ஜ் இல்லை, சரிதானே?' என்று. 'ஓகே சார்' என்று பதில் வந்தால் அதுவே உங்கள் சாட்சி. பதில் வராவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.

வீட்டில் யாராவது வண்டி வாங்கப் போகிறார்கள் என்றால், தனியாக அனுப்பாதீர்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர், 'வேண்டாம், எழுந்து வா' என்று சொல்லத் தயங்காத ஒருவர் என்று இரண்டு பேராவது கூடப் போக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த இரண்டாவது ஆள் பெண்தான். அவரை டெலிவரி அன்று ஆரத்தி எடுக்க மட்டும் அழைக்காமல், கொட்டேஷன் வாங்கும் அன்றே அழைத்துப் போங்கள்.

அடுத்த வாரம்: செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது, ஆர்.சி புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது எது?